ஐந்து பங்கு வெயில்

கடைசியாக நான் பார்த்த வேலை, ஒரு குட்டித் தீவு நாட்டின் பகல் வெயிலைப் பேட்டரியில் சேர்த்து வைத்து, இருட்டிய பிறகு அந்த நாட்டுக்கே திருப்பிக் கொடுப்பது. நாடு என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். முகூர்த்த நாளில் காரைக்குடி ரோட்டில் நிற்கிற கூட்டம் அங்கே போய் இறங்கினால் ஊர் தாங்காது. ஆனாலும் கொடி உண்டு, மந்திரிகள் உண்டு, மந்திரிகளுக்குக் கார் உண்டு. மின்சாரம் மட்டும் டீசல் கப்பலை நம்பியிருந்தது. கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதமானால் ஜெனரேட்டரைப் பாதி நாள் நிறுத்திவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் பிரசவம் டார்ச் வெளிச்சத்தில் நடக்கும்.

நாங்கள் போய் சோலார் தகடுகளை வரிசை வரிசையாக நட்டோம். லாரியில் வருகிற கண்டெய்னர் மாதிரியான பெட்டிகளில் பேட்டரிகளை அடுக்கினோம். ஜெனரேட்டரை முதன்முதலாக முழுதும் அணைத்த அன்று சனங்கள் வீட்டை விட்டு வெளியே வந்து நின்றார்கள். விளக்கு எரிகிறது, சத்தத்தைக் காணோம். பிறந்தது முதல் அந்த இரைச்சலிலேயே தூங்கிப் பழகியவர்களுக்கு என்ன நடக்கிறதென்று பிடிபடவில்லை. ஒரு கிழவர் என்னிடம் வந்து, எதையாவது உடைத்துவிட்டீர்களா என்று கேட்டார்.

பேட்டரி வைப்பதைவிட, அது குறையும்போது யாருக்கு முதலில் நிறுத்துவது என்று தீர்மானிப்பதுதான் பெரிய வேலை. மழை பிடித்துக்கொண்டு நாலு நாள் வெயிலே வராவிட்டால் இருப்பதைப் பங்கிட வேண்டும். முதலில் ஓட்டல்கள், அப்புறம் சர்க்கார் ஆபீஸ்கள், அப்புறம் வீடுகள். ஆஸ்பத்திரி கடைசி. ஆஸ்பத்திரிக்கு நிறுத்துகிற நிலை வரவே கூடாது. கண்ட்ரோல் ரூம் நாற்காலியில் உட்கார்ந்து நான் மௌஸை அமுக்கினால் மந்திரி வீடு இருட்டாகும். ஒருமுறை ஆகியும் இருக்கிறது. அவர் மறுநாள் வந்து, சரியாகத்தான் செய்தீர்கள் என்று கைகொடுத்துவிட்டுப் போனார். கொஞ்சம் திமிர் எனக்கு அங்கேதான் ஏறியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தீவில் நிலம் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை, குடும்பங்களுக்குப் பொது. தகடு நட இடம் கேட்டபோது எல்லாக் குடும்பத்தாரும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஏதோ வேரை இடித்துக் கரைத்த கலங்கல் தண்ணீரை ஒரே கொட்டாங்கச்சியில் மாற்றி மாற்றிக் குடித்து, பொழுது சாய்வதற்குள் சரி என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு நாக்கு மரத்துப்போனது, வேலை முடிந்தது.

ஊருக்குத் திரும்பி வந்தது ஆச்சிக்காக. எங்கள் பக்கத்தில் அக்காவை ஆச்சி என்போம். எனக்கு அக்கா ஒருத்தர்தான். அவருக்கு நுரையீரல் நார் நாராக இறுகிப்போகிற வியாதி. மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், குணமாக்காது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக்குக் குழாய் வழியாகக் கொடுக்கிற மிஷின் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் எந்நேரமும் ஓட வேண்டும். அது நின்றால் கொஞ்ச நேரத்தில் ஆச்சிக்கு உதடு நீலம் பாயும். மிஷின் கரண்டில்தான் ஓடுகிறது.

நான் காரைக்குடி செக்காலையில் ஒரு பிளாட் வாங்கினேன், ஆச்சியைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாம் என்று. வரமாட்டேன் என்றுவிட்டார். அவர் இருந்தது கொத்தமங்கலத்தில், அத்தானுடைய வீட்டில். அத்தான் போய்ச் சேர்ந்து நாளாயிற்று, பிள்ளைகள் இல்லை. தெருவின் இந்த முனையில் வாசல், அடுத்த தெருவில் பின்கட்டு என்று நீளுகிற வீடு அது. ஐந்து பங்காளிகளுக்குப் பொது. மற்ற நாலு பங்கும் சென்னை, கோயம்புத்தூர், மலேசியா என்று போய்விட்டது. ஆச்சியும் சமையலுக்கு ஒரு அம்மாவும் மட்டுமே அங்கே.

“நான் வெளிய வந்தா அந்த வீட்டுக்குப் பூட்டு விழுந்துரும்டா. ஆளு இருக்கங்காட்டியும்தான் அது வீடு” என்பார் ஆச்சி. வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டைத் திறந்து வைத்திருப்பதுதான் தன் வேலை என்று அவருக்கு எண்ணம். அதை என்னால் அசைக்க முடியவில்லை.

கரண்டு போவதில் யார்மேலும் குற்றமில்லை. காற்றடித்தால் வேப்பங்கிளை கம்பியில் விழும். சில சமயம் கம்பமே சாயும். வெயிலென்றும் பாராமல் ஏறிச் சரிசெய்கிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் மிஷினுக்கு அந்த நியாயமெல்லாம் தெரியாதே. ஆகவே ஆச்சியின் அறைக்குள் ஒரு நல்ல பேட்டரியாகப் பார்த்து வைத்தேன். அறைக்குள் வைப்பதற்கு யார் சம்மதமும் வேண்டியதில்லை. மிஷின், ஒரு விளக்கு, ஒரு ஃபேன் என்று மட்டும் ஓட்டினால் ஒன்றரை நாள் தாங்கும். அதற்குமேல் லைன் வராவிட்டால் பேட்டரியை நிரப்ப வழியில்லை. மொட்டை மாடியில் தகடு இருந்தால் மறுநாள் வெயில் வந்து நிரப்பிவிடும். தீவில் செய்ததன் குட்டிக் குட்டிக் குட்டிப் பதிப்பு. ஒரு வாரத்தில் முடிக்க வேண்டிய வேலை.

மொட்டை மாடி பொது. அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

பொதுக் கூரையில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் ஐந்து பங்கும் சம்மதிக்க வேண்டும். இது சட்டமா வழக்கமா என்று என்னைக் கேட்கக் கூடாது, அந்த வீட்டில் இரண்டும் ஒன்றுதான். பின்கட்டில் ஒரு பாத்ரூம் இருக்கிறது. ஒரு பங்காளி, மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்று தன் செலவில் கட்டினார். கேட்காமல் கட்டிவிட்டார். மற்றவர்கள் ஆளுக்கொரு பூட்டைப் போட்டார்கள். அன்றைக்குப் பிறந்த குழந்தை இப்போது வேலைக்குப் போகிறது, பாத்ரூம் திறந்தபாடில்லை.

நானோ அந்த வீட்டுக்குப் பெண் கொடுத்த வீட்டுக்காரன். எனக்கு முதல் பந்தியிலேயே இலை போடுவார்கள், பாயசம் இரண்டாம் தரம் ஊற்றுவார்கள். பேச்சில் மட்டும் இடமில்லை. இருந்தாலும் ஒவ்வொருவராகப் போனில் பிடித்தேன். மலேசியாக்காரர் கேட்டதுமே சரியென்றார். மற்ற இரண்டு பேரும், பெரியவுக சொன்னா எங்களுக்கு ஆட்சேபணையில்லை என்றார்கள். பெரியவர் என்பது மூத்த பங்காளி. சென்னையில் இருப்பவர், நானும் அவரை அத்தான் என்றே கூப்பிடுவேன். கெட்ட மனிதர் இல்லை. பூட்டுப் போட்டவர்களில் அவரும் ஒருவர், அவ்வளவுதான்.

“தம்பி, நீங்க ஒரு நாட்டுக்கே கரண்டு குடுத்தவுக. ஒங்களுக்கு நான் சொல்லணுமா” என்று ஆரம்பித்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. “பொதுக் கூரையில இன்னைக்குத் தகடு ஏறும். நாளைக்கு அது யாரு தகடு, எந்தப் பக்கத்து வெயிலு யாருதுன்னு பேச்சு வரும். அவசரம் என்ன இப்ப. படைப்புக்கு வருவம்ல, நேருல உக்காந்து பேசிக்கிருவோம்.”

“ஆச்சிக்கு மூச்சு அத்தான்” என்றேன்.

“அதான் பேட்டரி வச்சிருக்கீகளே” என்றார்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. வெயிலுக்குப் பங்கு பிரிக்க முடியுமா என்று எனக்குள் கத்திக்கொண்டே, சரி அத்தான் என்று போனை வைத்தேன்.

படைப்பு என்பது முன்னோருக்குப் படையல் வைக்கிற நாள். வருஷத்துக்கு ஒருமுறை எல்லாப் பங்கும் எங்கிருந்தாலும் வந்து சேரும். புது வேட்டி, புதுப் புடவை வைத்து, சமைத்ததெல்லாம் இலையில் படைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் சாப்பாடு. அதுவரை குழந்தைகளைத் தவிர யாரும் வாயில் எதையும் போட மாட்டார்கள். அந்த நாளுக்காக நான் சாமி கும்பிடுகிற ஆள்போலக் காத்துக்கொண்டிருந்தேன். பெரியவர் வருவார், ஒரு வார்த்தை சொல்வார், மறுநாளே தகட்டை ஏற்றிவிடலாம்.

படைப்புக்கு முதல்நாள் மத்தியானம் சூறைக்காற்று அடித்தது. வழியில் எங்கோ கம்பங்கள் சாய்ந்து கொத்தமங்கலம் முழுக்கக் கரண்டு இல்லை. நாளை சாயந்தரத்துக்குள் வந்துவிடும் என்றார்கள். ஆச்சியின் மிஷின் பேட்டரியில் ஓடியது. விடிந்ததும் பேட்டரியின் அளவைப் போனில் பார்த்தேன், பாதி இருந்தது. ஆச்சிக்கு மட்டும் என்றால் சாயந்தரத்தைத் தாண்டியும் தாங்கும். பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கார்கள் வர ஆரம்பித்தன. பூட்டிக் கிடந்த அறைகள் திறந்தன. வளவு என்று சொல்கிற நடு முற்றத்தைச் சுற்றிலும் ஆட்கள் விசிறியும் பேப்பருமாக உட்கார்ந்தார்கள். சமையல்கட்டில் உளுந்து ஊறிவிட்டது, கிரைண்டர் ஓடவில்லை. வடை இல்லாமல் படைக்க முடியாது. அப்போதுதான் யாரோ ஒரு பெண் கண்டுபிடித்தாள்: “ஆச்சி ரூமுல கரண்டு இருக்கு!”

சின்ன வீடாக இருந்தால் இந்தச் செய்தி இவ்வளவு வேகமாகப் பரவியிருக்காது. ஒரு சிவப்பு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வந்தது. “ஆச்சி, மாவு மட்டும் ஆட்டிக்கிறட்டுமா?” என்று ஆச்சியின் கொழுந்தியாள் ஒருத்தி தயங்கிக்கொண்டு நின்றாள்.

“இதப் போயிக் கேக்கணுமாக்கும்? எடுத்துக்கிருங்க” என்றார் ஆச்சி. மூக்கில் குழாயோடு, வந்தவர்களை ஒவ்வொருவராக வாங்க வாங்க என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த வீட்டின் எஜமானி அவர்தான். அவருடைய முகத்தில் அப்படியொரு களை, நான் வாய் திறக்கவில்லை.

கிரைண்டரோடு நிற்கவில்லை. முதல் பாக்ஸிலிருந்து இரண்டாவது பாக்ஸ், அதிலிருந்து மூன்றாவது. டேங்கில் தண்ணீர் இல்லையென்று மோட்டாரைப் போட்டார்கள். கைக்குழந்தைக்காக ஒரு டேபிள் ஃபேன். பால் காய்ச்சக் கெட்டில். ஏழெட்டுப் போன்கள் வரிசையாகச் சார்ஜ் ஏறின. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு ஏர்கூலரைத் தூக்கிவந்து பெரியவருக்கு எதிரே வைத்தார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. கரண்டு என்றால் சுவரில் இருந்து வருவது, அந்த அறைச் சுவரில் இன்று வருகிறது, அவ்வளவே. நான் மட்டும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாதியாக இருந்தது கால்வாசியாயிற்று.

பெரியவர் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். கூலர் காற்றில் அவருடைய துண்டு பறந்துகொண்டிருந்தது.

“இது ஒங்க பேட்டரிதானா தம்பி? அட, ஊரே வேத்து வழியுது, நம்ம வளவுல காத்து வருதே! நாந்தான் தப்பா நெனச்சுட்டேன் போலருக்கு. படைச்சு முடியட்டும், எல்லாரும் இருக்காக, ஒக்காந்து பேசி முடிச்சுருவோம். நல்ல காரியம்தான்.”

நான் அவர் முகத்தையும் கூலரையும் மாறி மாறிப் பார்த்தேன். எந்த வார்த்தைக்காக இத்தனை மாதம் காத்திருந்தேனோ அது அவர் வாய் நுனியில் நிற்கிறது. அதை வரவழைத்தது இந்தக் காற்று. இந்தக் காற்று ஆச்சியின் மூச்சிலிருந்து போகிறது. அத்தான், கூலரை அணைத்துவிடலாமா என்று நாலு பேர் முன்னால் கேட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பெண் கொடுத்த வீட்டுக்காரன் வந்து பங்காளி வீட்டில் காற்றைப் பிடுங்கினான் என்று ஆகும். அதற்கப்புறம் இன்னொரு பூட்டு.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து ஆச்சியின் அறைக்குப் போனேன். கட்டிலுக்குக் கீழே, கைக்கெட்டுகிற இடத்தில், அந்தச் சிவப்பு பாக்ஸின் பிளக். ஒரு இழு. அவ்வளவுதான் வேலை. ஒரு தேசத்தையே பகுதி பகுதியாக இருட்டாக்கிய கை இது. குனிந்தேன்.

“தொடாதடா” என்றார் ஆச்சி.

“பேட்டரி தீரப்போகுது ஆச்சி. ஒங்களுக்கு மூச்சு வாங்கும்.”

“அதெல்லாம் வாங்காது. இன்னும் கொஞ்ச நேரம், படைச்சிருவாக.” குரலைத் தாழ்த்தினார். “அவுக சரிங்குற நேரம். நீ பாட்டுக்குப் புடுங்கி வச்சுக் கெடுத்துப்புடாத. அதுவுமில்லாம, இந்த வீட்டுல எல்லாருக்கும் எல விழுறது வருசத்துல இந்த ஒரு நாத்தான். வந்தவுகளுக்குக் காத்தக் குடுத்துட்டு மறுக்காப் புடுங்குனேன்னு பேரு எடுக்கணுமா நான்?”

“நானாச்சும் போய்ச் சொல்றேன், இது மிஷினுக்கான கரண்டுன்னு.”

“சொன்னியன்னா ஒங்கூடப் பேசவே மாட்டேன்.”

சின்ன வயதில் இதைச் சொல்லித்தான் என்னை அடக்குவார். இந்த வயதிலும் அடங்கினேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளவு காட்டுகிற சின்னக் கருவியையும் என் போனையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை. யார்மேல் கோபம் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

வளவில் சங்கு ஊதுகிற சத்தம் கேட்டபோது மிஷின் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. வெளியே கூலர் நின்றதும், அடடா என்று ஒரு சத்தம். அவசரத்துக்கென்று அறை மூலையில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் மூலை காலி. ஆச்சியைப் பார்க்க வருகிறவர்களுக்கு உட்கார இடம் வேண்டுமென்று காலையிலேயே யாரோ நல்லெண்ணத்தில் அதைப் பாத்திர அறைக்கு நகர்த்தியிருந்தார்கள். அதை மறைத்துக்கொண்டு வாடகைக்கு வந்த அண்டாக்கள். நானும் சமையல் அம்மாவும் அண்டாக்களை இழுத்துத் தள்ளிய சத்தத்தில்தான் வீட்டாருக்கு என்னவோ என்று புரிந்தது. சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து மாட்டியபோது ஆச்சியின் கண்கள் மேலே செருகியிருந்தன.

பெரியவரின் காரிலேயே காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவரே முன் சீட்டில் வந்தார். யாரும் சாப்பிடவில்லை. படைத்த இலைகள் படைத்தபடி கிடந்ததாக அப்புறம் சொன்னார்கள்.

ஆச்சி பிழைத்தார். அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஐ.சி.யூ.வில் கிடந்த நாட்களில் நெஞ்சில் சளி கட்டி, இருந்த நுரையீரலிலும் கொஞ்சம் போய்விட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்குத் தெரியாதுப்பா. சத்தியமாத் தெரியாது. அது மூச்சுக்கு வச்ச கரண்டுன்னு ஒருத்தரும் சொல்லலையே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வெயில்ல ஒக்காந்திருக்க மாட்டனா?”

உட்கார்ந்திருப்பார். அதுதான் என்னைக் கொல்கிறது. சொல்லியிருந்தால் எல்லோருமே வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். சொல்லக் கூடாது என்பதுதான் அந்த வீட்டில் ஆச்சி கற்ற மரியாதை. தீவில் எனக்குப் பாயில் இடம் கொடுத்தார்கள், பேசச் சொல்லிக் கேட்டார்கள். இங்கே எனக்கு இலையில்தான் இடம் இருந்தது.

அந்த வாரமே ஐந்து பங்கும் சம்மதித்தது. பெரியவரே நின்று மாடிக்குத் தகடுகளை ஏற்றினார். தெற்குப் பக்கம் பார்த்துச் சாய்த்து, தளம் ஒழுகாமல், ஒரு குறை சொல்ல முடியாதபடி செய்து முடித்தேன். இரண்டு பேட்டரி வைத்தேன். மிஷினுக்கென்று தனி லைன் இழுத்தேன், அதில் வேறு எதையும் சொருக முடியாது. என் வாழ்நாளில் இவ்வளவு ஒழுங்காக எந்த வேலையும் செய்ததில்லை, தீவில்கூட.

அப்புறம் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். இனிமேல் ஆச்சி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கொத்தமங்கலத்துக்கு அனுப்ப முடியாது. போகிற வழியைக்கூட அவர் உடம்பு தாங்காது. எவ்வளவு நாள் என்று கேட்டேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

ஆகவே ஆச்சி செக்காலை பிளாட்டில், என் அறையில் இருக்கிறார். கொத்தமங்கலத்து வீட்டுக்குப் பூட்டு விழுந்துவிட்டது. சமையல் அம்மாவையும் இங்கேயே கூட்டிவந்துவிட்டேன். பூட்டிய வீட்டின் மேல் தினமும் வெயில் விழுகிறது, பேட்டரிகள் முற்பகலிலேயே நிரம்பிவிடுகின்றன. மிச்சம் கம்பியேறி வெளியே போகிறது. மருந்து கொடுக்கிற நேரத்தில் ஆச்சி தவறாமல் கேட்பார்.

“இன்னைக்கு எம்புட்டு வந்துச்சு?”

“நெறைய ஆச்சி. பேட்டரி ரொம்பிருச்சு.”

“அங்குட்டுத்தான் ஆளே இல்லையே. மிச்சம் எங்க போகுது?”

“கம்பி வழியா ஊருக்குப் போகுது.”

“போகட்டும், யாராச்சும் அனுபவிக்கட்டும்” என்பார். அதில் அவருக்குச் சந்தோஷம்தான்.

நேற்று அதோடு நிற்கவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். “அதான் வீட்டுல நிக்காம கரண்டு வருதே. இனிமே எனக்கு என்ன பயம்? எப்படா என்னைய அங்குட்டுக் கூட்டிட்டுப் போற?”

சமையல் அம்மாவைக் கூப்பிட்டுத் தன் புடவைகளைப் பையில் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். பை கட்டிலின் கால்மாட்டில் இருந்தது. ஜன்னலில் உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

“வெயில் தாழட்டும் ஆச்சி” என்றேன்.

“சரிடா” என்று சொல்லி, பையைப் பார்த்தபடி காத்திருக்க ஆரம்பித்தார்.